ஒரே சூளையில் சுட்ட போலீஸ்

போலீஸ் வேலையில் திருடனைப் பிடிப்பது சுலபம். யாருக்கு மேலே யார் என்பதைப் பிடிப்பதுதான் கஷ்டம். திருடன் ஓடினால் ஒரு பக்கமாகத்தான் ஓடுவான். மேலதிகாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் இருப்பார். உங்களில் யாராவது, மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர், அதற்கும் மேலே முகமே பார்த்திராத ஒருவர் என்று அமைந்த உத்தியோகத்தில் காலம் தள்ளியிருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான். ரயில்வேயோ, மின்சார போர்டோ, பள்ளிக்கூடமோ, எதுவானாலும் சரி. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள், நானும் உட்கார்ந்து சொல்கிறேன்.

நான் விருத்தாசலத்தை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் கான்ஸ்டபிளாக இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும், விளக்கம் கேட்டு மெமோ வந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை. அறுபதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் முக்கால் பங்கு நடந்தது. மீதிக் கால் பங்கு நடந்திருக்க வேண்டியது.

தண்டவாளம்

சேர்ந்த முதல் நாளே ஏட்டு கலியபெருமாள் என்னை எதிரே நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். ஸ்டேஷனில் எழுதுகிற வேலை அத்தனையும் அவருடையது. அதனால் ரைட்டர் என்று பெயர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். குளிக்கும்போதும் எடுக்க மாட்டார் என்று சொல்வார்கள். நான் ஒரு தடவை பார்த்தேன், எடுக்கவில்லை.

எங்கள் ஊர் ஜங்ஷன் ஆயிற்றே, அதனால் அவர் எதையும் ரயிலை வைத்துத்தான் சொல்வார். ஸ்டேஷனுக்கு எஸ்.ஐ. நாலைந்து ஸ்டேஷன் சேர்ந்தால் ஒரு சர்க்கிள், அதற்கு இன்ஸ்பெக்டர். சர்க்கிள்கள் சேர்ந்தால் சப்-டிவிஷன், அதற்கு டி.எஸ்.பி. எல்லாம் சேர்ந்து தென்னாற்காடு மாவட்டம், அதற்குக் கடலூரில் எஸ்.பி. சில மாவட்டங்களுக்கு ஒரு டி.ஐ.ஜி. எல்லாருக்கும் மேலே மெட்ராஸில் ஐ.ஜி. இது மெயின் லைன். பக்கத்தில் கிளை லைன்களும் உண்டு: துப்பாக்கியோடு தயாராக நிற்கிற ஆயுதப்படை ஒன்று, ரயில்வே போலீஸ் ஒன்று, சாராயம் பிடிக்க ஒன்று, நம்மையே பிடிக்க ஸ்பெஷல் பிராஞ்ச் என்று ஒன்று. எல்லாம் கேட்டுவிட்டு, இதில் நான் இன்ஜினா பெட்டியா என்று கேட்டேன். ஏட்டையா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீ தண்டவாளம்பா. எந்த வண்டி வந்தாலும் உம்மேலதான் போவும்."

வேலிக்கு இந்தப் பக்கம் ஐந்து

அந்தோணிசாமி என்று ஒருவர் ஊருக்கு வெளியே பீங்கான் சூளை வைத்திருந்தார். டீ கோப்பையும் பொம்மையும் செய்வார். ஒரு நாள் அவர் சேலத்துக்கு அனுப்ப வைத்திருந்த ஒரு பெட்டிக் கோப்பையை ரயிலடி பார்சல் ஷெட்டிலிருந்து எவனோ தூக்கிக்கொண்டு ஓடினான். ரயில் யார்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. வேலி பிய்ந்திருந்த இடத்தில் நுழைந்தவன், ஆள் சத்தம் கேட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பெட்டி பாதி யார்டில், பாதி ரோட்டில். வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தால் ரயில்வே போலீஸ் கேசு, இந்தப் பக்கம் நடந்தால் எங்கள் கேசு. எங்கள் எஸ்.பி. வேறு, அவர்கள் எஸ்.பி. வேறு.

எங்கள் ஏட்டையா கயிறு பிடித்து அளந்தார். பன்னிரண்டு கோப்பையில் ஏழு அந்தப் பக்கம், ஐந்து இந்தப் பக்கம். மெஜாரிட்டி உங்களுடையது என்றார். ரயில்வே ஏட்டு குனிந்து பார்த்துவிட்டு, கோப்பையின் காது எல்லாம் உங்கள் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார். தீர்மானம் ஆகும்வரை காவல் நிற்கச் சொல்லி என்னை இந்தப் பக்கமும் ஒரு ரயில்வே கான்ஸ்டபிளை அந்தப் பக்கமும் நிறுத்தினார்கள். அவர் வெற்றிலை வாங்கப் போனபோது நான் காலால் லேசாக ஒரு தள்ளு தள்ளினேன். நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினால் ஒன்பது கோப்பை என் பக்கம் இருந்தது. இப்படியே மூன்று நாள் அந்தப் பெட்டி, டிக்கெட் இல்லாமல் போக வர இருந்தது. மூன்றாம் நாள் ஒரு ஆடு வந்து, கோப்பைக்குப் பந்தோபஸ்தாக வைத்திருந்த வைக்கோலைத் தின்றது. அதன் தலை ரயில்வே எல்லையிலும் வயிறு எங்கள் எல்லையிலும் இருந்ததால் அதையும் யாரும் பிடிக்கவில்லை. கடைசியில் அந்தோணிசாமியே கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

"கேசெல்லாம் வேணாங்க ஐயா. கோப்பையக் குடுத்துடுங்க, அது யாரு எல்லையிலயும் இல்லாம எங்கிட்ட இருக்கட்டும்."

முந்தாநாளுக்குள்

அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் நான்தான் சூளையில் இறக்கினேன். அந்தப் பழக்கத்தில் என் மனைவி தனத்துக்கு அங்கே வேலை கிடைத்தது. தனம் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. கத்துகிற குழந்தையை மடியில் போட்டு, கோடு பிசகாமல் கண்ணுக்கு மை இட்டுவிடுவாள். அந்தக் கையைப் பார்த்த அந்தோணிசாமி, பொம்மைக்குக் கண் எழுத உட்காரவைத்தார். ஒரே வருஷத்தில், தனம் கண் எழுதாத பொம்மை அந்தச் சூளையை விட்டு வெளியே போகாது என்று ஆயிற்று. காலையில் என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு அவளும் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு கிளம்புவாள். அவள் நடை என் நடையைவிட வேகமாக இருக்கும். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போகிற ஒரு ஆளை எங்கள் குடும்பத்தில் நான் அப்போதுதான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த மெமோ வந்தது. மெட்ராஸில் ஒரு பொருட்காட்சி. அதில் போலீஸ் இலாகாவுக்கும் ஒரு ஸ்டால். இலாகா எப்படி அமைந்திருக்கிறது என்று ஜனங்கள் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ள, கான்ஸ்டபிள் முதல் ஐ.ஜி. வரை எட்டு பொம்மை வேண்டும். பீங்கான் ஊர் உங்களுடையது, ஆகவே தேவையான உதவியைச் செய்து, இந்த அசல் காகிதத்தையும் பதிலோடு திருப்பி அனுப்பவும். இதுதான் சங்கதி. ஐ.ஜி. ஆபீஸ் தாராளமாக மூன்று மாதம் கெடு கொடுத்திருந்தது. டி.ஐ.ஜி. ஆபீஸ் அதில் ஒரு மாதத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் என்று எழுதியது. எஸ்.பி. ஆபீஸ் ஒரு மாதம் என்றது. டி.எஸ்.பி. ஆபீஸ் பதினைந்து நாள். சர்க்கிளில் ஒரு வாரம். ஒவ்வொரு மேஜையிலும் காகிதம் களைப்பாறிவிட்டு எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது, கெடு முந்தாநாளோடு முடிந்திருந்தது. நான் காகிதத்தோடு ஏட்டையாவிடம் ஓடினேன். முந்தாநாளுக்குள் எப்படிப் பொம்மை செய்வது? ஏட்டையா காகிதத்தை நிதானமாக மடித்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"எதுக்குப்பா பதர்றே? கெடு முடிஞ்சதுக்கு அப்பறந்தான் ஒரு வேலைய நிம்மதியா செய்ய முடியும்."

பலகை மேல் எட்டு பேர்

அப்போதிருந்த எஸ்.ஐ. நல்ல மனுஷர். ஸ்டேஷனிலேயே உயரமும் மீசையும் எனக்குத்தான் இருந்தது என்பதால், மாதிரி காட்டப் போய் நில்லுய்யா என்று வாயால் சொல்லிவிட்டு அசல் மெமோவைப் பதிலோடு அனுப்பிவிட்டார். இரண்டு வாரம், காலை நேரத்தில், கஞ்சி போட்ட அரைக்கால் சட்டையோடு சூளைக் கொட்டகையில் ஒரு பலகை மேல் நின்றேன். அந்தோணிசாமி மண்ணைப் பிசைந்துகொண்டே சந்தேகம் கேட்பார். கான்ஸ்டபிள் தோளில் ஒன்றும் இல்லை, சரி. ஏட்டுக்குக் கையில் மூன்று பட்டை, சரி. எஸ்.ஐ.க்கு இரண்டு நட்சத்திரம். இன்ஸ்பெக்டருக்கு மூன்று, டி.எஸ்.பி.க்கும் அதே மூன்று. இங்கேதான் அவர் கையை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தோளில் நட்சத்திரத்தோடு ஒரு ரிப்பன் உண்டு, டி.எஸ்.பி.க்கு அது கிடையாது என்று விளக்கினேன். அப்படியானால் ரிப்பனைப் பிய்த்துப் போட்டால் உசந்துவிடலாமா என்று கேட்டார். நான் பலகை மேல் ஏறி டி.எஸ்.பி. மாதிரி நின்றுகொண்டேன்.

நிற்கிற விதமும் காட்ட வேண்டுமே. கான்ஸ்டபிள் என்றால் கம்பு விழுங்கினது மாதிரி. ஏட்டு கொஞ்சம் தளர்ச்சி. இன்ஸ்பெக்டருக்கு வயிறு லேசாக முன்னால் வரலாம். எஸ்.பி. எதையோ யோசிக்கிற மாதிரி. ஐ.ஜி.யை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊரில் ஒரு பெரிய பண்ணையார் கல்யாணச் சாப்பாடு முடிந்து பந்தலில் நிற்பார் பாருங்கள், அதை நினைத்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்று நின்று, ஒரு நாள் நிஜமாகவே ஒரு கிராம முன்சீப் கொட்டகைக்குள் வந்து எனக்குச் சல்யூட் வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் கிளிப் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த தனம் தூரிகையை எடுக்காமலே சொன்னாள்.

"இங்க வந்தா மத்தியானத்துக்குள்ள ஐ.ஜி. ஆயிடறீங்க. வூட்டுக்கு மட்டும் ஏன் கான்ஸ்டபிளாவே வரீங்க?"

மஃப்டி

ஸ்பெஷல் பிராஞ்ச் என்று சொன்னேன் அல்லவா, அதில் முருகேசன் என்று ஒருவர் எங்கள் பக்கத்துக்கு இருந்தார். எங்கே என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்து எழுதி நேரே கடலூருக்கு அனுப்புவது அவர் வேலை. எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. என்று நாங்கள் ஏறுகிற படி எதுவும் அவருக்குக் கிடையாது. உடுப்பும் கிடையாது, யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது. அவரும் வேட்டி கட்டித் துண்டு போட்டுத்தான் திரிவார். ஆனால் காலில் இலாகா கொடுத்த பூட்ஸ் இருக்கும். செருப்பு போட்டால் பாதம் வலிக்கிறது என்பார். விவசாயி மாதிரி வந்த ஒரு நாள், கையில் ஒரு மண்வெட்டியும் காலில் பாலிஷ் போட்ட பூட்ஸுமாக வந்து நின்றார். எதிரே வந்த நாய்கூட அட்டென்ஷனில் நின்றுவிட்டுப் போயிற்று.

ரயிலடி டீக்கடைதான் அவருக்கு ஆபீஸ். அவர் பேப்பர் படிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு காதை நீட்டுவார். நான் சூளைக்குப் போக அந்தக் கடையைத் தாண்ட வேண்டும். தினமும் அதே நேரத்துக்கு, அதே கஞ்சி போட்ட சட்டையோடு, கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் போகிற ஒரு கான்ஸ்டபிளை அவர் பார்க்காமல் இருப்பாரா? ஒரு நாள் கொட்டகை வேலிக்கு வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் பலகை மேல் டி.ஐ.ஜி.யாக நின்றிருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அன்று சாயந்திரம் டீக்கடையில் அவர் வழக்கத்துக்கு மாறாக ரொம்ப நேரம் எழுதிக்கொண்டிருந்தார். கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சி.ஐ.டி. ஐயாவுக்கு ஒரு டீ, சக்கர கம்மியா. பக்கத்துல ஒக்காந்திருக்கவங்க கொஞ்சம் நிறுத்தி நிதானமா பேசுங்கப்பா, அவுரு எழுத வேணாமா?"

விசேஷ வேலை

அவர் எழுதினதன் பலன் பத்தாம் நாள் கடலூரிலிருந்து மெமோவாக வந்தது. பணி நேரத்தில் தொடர்ந்து பல நாட்கள், தன் மனைவி வேலை பார்க்கும் தனியார் சூளையில், ஒரு பலகையின் மீது அசையாமல் நின்றதற்கு மேற்படி கான்ஸ்டபிள் விளக்கம் தர வேண்டும். தவறினால் கல்வராயன் மலை அடிவாரத்து ஸ்டேஷனுக்கு மாற்றப்படுவார். அதுவரை சூளைப் பக்கம் போகக் கூடாது. எழுதினதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வாயால் உத்தரவு போட்ட எஸ்.ஐ. முந்தின வாரம்தான் திருநெல்வேலிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். வந்திருந்த புது எஸ்.ஐ. சட்டப்படி நடக்கிறவர், எழுத்தில் காட்டு என்றார். அசல் மெமோ பதிலோடு மேலே போய்விட்டது. ஸ்டேஷன் டைரியைப் புரட்டினால், அந்த இரண்டு வாரமும் என் பேருக்கு நேரே ஏட்டையா 'விசேஷ வேலை' என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன விசேஷம் என்று எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். பொம்மைக்கு நிற்கிறது என்று டைரியில் எழுத அவருக்கு வெட்கமாக இருந்ததாம்.

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அது இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. என்று ஒவ்வொரு படியாக ஏறி எஸ்.பி.யிடம் போக வேண்டும். மேலேயிருந்து கீழே வருவது மதகு திறந்த தண்ணீர், கீழேயிருந்து மேலே போவது ஏற்றம் இறைக்கிற தண்ணீர் என்றார் ஏட்டையா. என் விளக்கம் கடலூர் போய்ச் சேருவதற்குள் மாற்றல் உத்தரவு இங்கே வந்து சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு எந்த ஸ்டேஷனானாலும் ஒன்றுதான். லத்தி எங்கேயும் அதே நீளம். தனத்தைப் பற்றித்தான் கவலை. மலையடிவாரத்தில் சூளை ஏது? விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. விரல் நகத்தில் ஒட்டியிருந்த கறுப்புச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அங்க போயி நான் யாருக்குக் கண்ணு எழுதறது, மலைக்கா?"

தீயில் சுருங்கியவர்

பொம்மைகள் சுட்டு முடிந்து சூளை திறந்த அன்று, எனக்குத்தான் அங்கே போகத் தடையாயிற்றே, அந்தோணிசாமியே இரண்டு பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார். சாயம் இன்னும் பூசவில்லை, வெறும் வெள்ளை. ஏட்டையா மேஜை மேல் இரண்டையும் நிறுத்தினார். கான்ஸ்டபிள் ஒரு முழ உயரம் கம்பீரமாக நின்றான். பக்கத்தில் ஐ.ஜி. அவன் காதளவுக்கு இருந்தார். தப்பு எங்கே என்றால், பெரிய உத்தியோகம் ஆயிற்றே என்று ஐ.ஜி.க்கு மட்டும் சலித்துச் சலித்து எடுத்த வழவழப்பான உயர்ந்த களிமண்ணைப் போட்டிருக்கிறார் மனுஷர். கீழே வர வர மண்ணின் தரமும் இறங்கி, கான்ஸ்டபிளுக்கு உடைந்த கோப்பையை எல்லாம் இடித்த தூள் கலந்த மண். ஈரத்தில் எட்டுப் பேரும் ஒரே உயரம்தான். தீயில் போனதும் ஒவ்வொருவரும் தம் தம் தகுதிக்கு ஏற்பச் சுருங்கிவிட்டார்கள்.

மறுபடி செய்ய நாள் இல்லை. நாலாம் நாள் எஸ்.பி.யே நேரில் வந்து பொம்மைகளைப் பார்த்து மெட்ராஸுக்கு அனுப்புவதாகத் தகவல் வந்திருந்தது. அந்தோணிசாமி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏட்டையாதான் வழி சொன்னார்: எட்டுப் படி வைத்து ஒரு மேடை கட்டு, ஐ.ஜி.யை உச்சிப் படியில் நிறுத்து, நம் இலாகாவில் ஆளின் உயரத்தை எவன் பார்த்தான், நிற்கிற படியைத்தானே பார்க்கிறான் என்றார். அந்தோணிசாமிக்கு உயிர் வந்தது. பொம்மைகளைச் சுற்றிக்கொண்டு கிளம்பினவரிடம், அது எப்படி ஐயா கான்ஸ்டபிள் மட்டும் கொஞ்சமும் சுருங்கவில்லை என்று கேட்டேன்.

"அது ஒடஞ்சி ஏற்கெனவே ஒரு தடவ தீயில வெந்த மண்ணுங்க. இனிமே என்னத்தச் சுருங்கப் போவுது?"

துணியை எடுத்தபோது

எஸ்.பி. வருகிற அன்று காவலுக்கு ஆள் போதாமல் என்னையும் சூளை வாசலில் நிறுத்தினார்கள். தடை இருக்கிறதே என்றேன். தடை உள்ளே போகத்தான், வாசலுக்கு இல்லை என்றார் புது எஸ்.ஐ. வாசலிலிருந்து பார்த்தாலே மேடை தெரிந்தது. மேலே வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தனம் ஒரு தூண் ஓரமாக நின்றாள். மூன்று நாளாக அவள்தான் எட்டுப் பேருக்கும் முகம் எழுதியிருந்தாள். எப்படி வந்திருக்கிறது என்று வீட்டில் கேட்டதற்கு, நீங்களே பாருங்க என்று மட்டும் சொன்னாள். எஸ்.பி.க்கென்று உள்ளே போட்டிருந்த மேஜை மேல், விளக்கக் குறிப்போடு என் ஃபைலும் இருந்தது. எப்படியோ ஏற்றம் இறைத்து மேலே போயிருந்தது.

துணியை எடுத்தார்கள். எஸ்.பி. கீழ்ப் படியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கான்ஸ்டபிள், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். ஏட்டைப் பார்த்தார். எஸ்.ஐ.யைப் பார்த்தார். திரும்பக் கான்ஸ்டபிளைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கன்னத்தில் மச்சம், வலது புருவத்தில் வெட்டு, மேலே முறுக்கின மீசை. எட்டுப் படியிலும் நான்தான் நின்றிருந்தேன். ஐ.ஜி. உச்சியில், என் முகத்தோடு, பண்ணையார் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு. தன் படிக்கு வந்ததும் எஸ்.பி. நின்றுவிட்டார். தன் உடுப்பில் நிற்கிற என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாசலில் சல்யூட் அடித்தபடி நின்ற என்னைப் பார்த்தார். புது எஸ்.ஐ.க்கு முகம், சாயம் பூசாத பொம்மை மாதிரி ஆயிற்று.

யார் செய்தது என்று எஸ்.பி. கேட்டார். அந்தோணிசாமி கையைக் கட்டிக்கொண்டு, செட்டு பொம்மை என்றால் தலைக்கு ஒரே அச்சுத்தான் எடுப்பது வழக்கம், தொப்பியும் உடம்பும்தான் மாறும் என்றார். முகம் எழுதினது யார் என்று அடுத்த கேள்வி. தனம் தூணை விட்டு முன்னால் வந்தாள். அவள் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"நான் கிட்ட நின்னு பாத்த போலீசு மொகம் இது ஒண்ணுதாங்க ஐயா. மத்தவங்க வந்தா தலய நிமுந்து பாக்க வுட மாட்டாங்க."

எஸ்.பி. என்னை உள்ளே கூப்பிட்டார். பலகை மேல் நின்றது இதற்குத்தானா என்றார். ஆமாங்கய்யா என்றேன். யார் சொல்லி நின்றாய் என்றார். பழைய எஸ்.ஐ. ஐயா வாயால் சொன்னார், எழுத்தில் இல்லை என்றேன். அவர் ஃபைலைத் திறந்து, என் விளக்கத்தைப் பாதி படித்தார். மேடையைப் பார்த்தார். எட்டுப் பேரும் அதே மச்சத்தோடு அவரைப் பார்த்தார்கள். எழுத்தில் இல்லாத உத்தரவுக்குச் சாட்சியாக எட்டு முகம் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, பேனாவைத் திறந்து 'மேல் நடவடிக்கை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகத்தைத் திருத்த வேண்டாம், அப்படியே மெட்ராஸுக்குப் போகட்டும் என்றார். புது எஸ்.ஐ. மெதுவாக, மாற்றல் விஷயம் என்று இழுத்தார். எஸ்.பி. உச்சிப் படியை நோக்கி விரலை நீட்டினார்.

"இந்தாளை மலைக்கு மாத்தினா, அங்க நிக்கிற ஐ.ஜி.யையும் சேத்து இல்ல மாத்தணும்? எனக்கு அந்த அதிகாரம் கிடையாதுய்யா."

முப்பது வருஷம் மாரடித்து நான் ஏட்டு என்ற இரண்டாம் படியைத் தாண்டவில்லை என்றாலும், எங்கள் இலாகாவில் எந்தச் சிபாரிசும் இல்லாமல் ஐ.ஜி. வரை உயர்ந்த முகம் என்னுடையது ஒன்றுதான், அதற்கு உத்தரவு போட்டவள் என் பெண்டாட்டி.